ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளின் கூலி: கூடலூர் மலையில் ஒரு விடுப்புக் கணக்கு

கூடலூர் வட்டத்தில் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் அவர். வயது 44. கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்து, மாதாமாதம் ரத்தப்போக்கு தாங்க முடியாத அளவுக்குப் போயிருந்தது. கடைசியில் ஊட்டி அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டணம் எதுவும் இல்லை. மருத்துவர்கள், செவிலியர்கள் யார்மீதும் அவருக்குக் குறையும் இல்லை. ஆனால் ஸ்கேனில் கட்டி தெரிந்த நாளுக்கும் அறுவை நடந்த நாளுக்கும் நடுவே பதினோரு மாதம் ஓடியிருந்தது.

அந்தப் பதினோரு மாதம் எங்கே போனது என்பதுதான் இங்கே கேள்வி. அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம். எல்லாம் 2023, 2024-ல் நடந்தவை. பழைய தொழிலாளர் சட்டங்கள் அமலில் இருந்த காலம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்காக மனு எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இது நடுநிலையான ஆவணம் என்று சொல்ல மாட்டேன்.

நீலகிரியில் தொழிலாளர் மருத்துவம் என்றாலே பேச்சு தூரத்தைப் பற்றித்தான் இருக்கும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு நடுவட்டம், பைக்காரா வழியாக ஐம்பது கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகள். பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கு மேலும் தூரம். மண் சரிந்தால் அதுவும் இல்லை. ஆகவே மருத்துவமனை வேண்டும், ஸ்கேன் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, ஓரளவு கிடைத்தும் இருக்கிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் 700 படுக்கை மருத்துவமனையும் திறந்தாயிற்று. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2024-ல் பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து மலைப்பகுதிக்கும் வந்தது. இவற்றில் பல அப்போதே இருந்தும் இந்தப் பெண் பதினோரு மாதம் ரத்தம் போகப் போக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஆஸ்பத்திரியில யாரும் காசு கேக்கல தம்பி. போற நாளுக்குத்தான் காசு."

மருத்துவ வசதிக்கு ஒரு மனு, சம்பளத்தோடு விடுப்புக்கு இன்னொரு மனு என்று தனித்தனியாக எழுதுவது எங்கள் பழக்கம். முன்னது சுகாதாரத் துறைக்கு, பின்னது தொழிலாளர் துறைக்கு. இரண்டும் ஒரே விஷயம் என்பதுதான் இந்த நிகழ்வு காட்டுவது.

பேர் போன நாட்கள்

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பார்கள். மத்தியானத்தோடு திரும்பினால் அரைப் பேர். அவர் 'டெம்பரவரி', அதாவது நிரந்தரப் பட்டியலில் இல்லாதவர். கணவர் அதே தோட்டத்தில் கவ்வாத்து, மருந்தடிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதுகுவலியால் நின்றுவிட்டார். மகன் கோவையில் படிக்கிறான். வீட்டுக்கு உறுதியாக வரும் வருமானம் இவருடைய பேர் மட்டும்தான்.

தோட்ட டிஸ்பென்சரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் அதிலேயே ஓடியது. அப்புறம் மலைச்சரிவில் ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட, மேஸ்திரி கீழே அனுப்பினார். கூடலூர் அரசு மருத்துவமனையில் பார்த்தபோது, பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறில் நின்றது. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி தெரிந்தது. ஊட்டிக்குப் போகச் சொன்னார்கள்.

இங்கிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மகப்பேறு மருத்துவரைப் பார்க்க ஒரு நாள். முடிவு வாங்க ஒரு நாள். அந்த ஹீமோகுளோபினுக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்பதால் ரத்தம் ஏற்ற உள்நோயாளியாகச் சில நாட்கள். ஈ.சி.ஜி., மயக்கவியல் மருத்துவரின் ஒப்புதல் என்று இன்னொரு நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் போகும். கூடவே வரும் அக்காவுக்கும் ஒரு பேர் போகும். பேர் குறைந்தால் அந்தத் தோட்டத்தில் மாத வருகைக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையும் போய்விடும். தீபாவளி போனஸ் ஆண்டுச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுவதால் அதிலும் அடி. கொழுந்து ஏறும் மாதங்களில் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசுதான் கடன் அடைக்கும் காசு. ஏப்ரல் முதல் ஜூன் வரை அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. ஏற்றிய ரத்தம் அதற்குள் வடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

அறுவைக்குப் பின் ஆறு வாரம் ஓய்வு, அதன்பின்னும் சில மாதம் பாரம் தூக்கக் கூடாது என்பது மருத்துவர் சொன்னது. பறித்த கொழுந்தை மூட்டை கட்டித் தலையில் வைத்து எடைபோடும் இடத்துக்கு இறங்க வேண்டிய வேலை இது. ஆறு வாரம் என்றால் முப்பத்தாறு பேர். அந்த எண்தான் அவரைப் பதினோரு மாதம் தடுத்து வைத்தது. வலியையோ கத்தியையோ அவர் பயந்ததாகத் தெரியவில்லை.

சட்டத்தில் இருந்தது என்ன

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்குப் பொருந்தியது. அதன் 10-வது பிரிவு மருத்துவ வசதியைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. செய்யாவிட்டால் தலைமை ஆய்வாளரே வசதி செய்து, செலவை முதலாளியிடம் வசூலிக்க முடிந்தது. 30-வது பிரிவு சம்பளத்துடன் விடுப்பு: இருபது நாள் வேலைக்கு ஒரு நாள். எடுக்காத விடுப்பு முப்பது நாள் வரை சேர்ந்தது. 32-வது பிரிவு நோய்க்கால உதவித்தொகை, மருத்துவச் சான்றின் பேரில்.

விடுப்புப் பிரிவில் 'நிரந்தரத் தொழிலாளி' என்று ஒரு சொல்லும் இருக்கவில்லை. 'ஒவ்வொரு தொழிலாளிக்கும்' என்றுதான் இருந்தது. ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற வாசற்படியும் அதில் இருக்கவில்லை. இருபது நாள் வேலை செய்தால் ஒரு நாள் உங்களுடையது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தோட்டத்தில் ரைட்டரிலிருந்து மேஸ்திரி வரை எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "டெம்பரவரிக்கு ஏதும்மா லீவு?" அந்தப் பெண்ணும் அதை நம்பியிருந்தார். அவருக்கு வேறு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? ஊரில் உள்ள சங்கங்களும் (என்னையும் சேர்த்துத்தான்) டெம்பரவரிகள் விஷயத்தில் நிரந்தரமாக்கு என்ற ஒரே கோஷத்தோடு நின்றுவிட்டவை.

நிரந்தரம் என்ற வழி இவருக்கு ஏன் உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1981-ல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. ஐம்பது பேருக்குக் குறையாத தொழில் நிறுவனத்தில், தோட்டங்களும் சேர்த்து, இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். தோட்டத்துக்கும் இந்தச் சட்டம் தெரியும். அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை, கொழுந்து குறையும் மாதத்தில், டெம்பரவரிகளை நிறுத்தி வைப்பார்கள். இவருடைய கணக்கில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 213 நாள்தான் வந்தது. இரண்டு ஆண்டுக்கு 426. எல்லைக்கோட்டுக்கு இப்பால் ஐம்பத்து நான்கு நாள்.

கணக்கு எடுத்த விதம்

தோட்டத்தின் செக்ரோல், அதாவது வருகைப் பதிவேடு, எங்கள் கைக்கு வராது என்று தெரியும். அவரிடம் இருந்தது ரேஷன் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் கவரில், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த சம்பளச் சீட்டுகள். பாதிக்கு மேல் எழுத்து அழிந்திருந்தது. மழைக்காலச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்தன. கைகொடுத்தது வருங்கால வைப்பு நிதி. மகனுடைய போனில் உமங் செயலியைத் திறந்தால் மாதவாரியாகப் பிடித்தம் தெரிகிறது. அதிலிருந்து அந்த மாதச் சம்பளம் தெரியும். அதை அப்போதைய நாள் கூலியால் வகுத்தால் வேலை செய்த நாட்கள் கிடைத்துவிடும். எழுத்து தெரிந்த சீட்டுகளை எடுத்து ஒப்பிட்டோம். ஒன்றிரண்டு நாள்தான் அங்கே இங்கே. மூன்று ஆண்டுக்கு 640 நாள் என்று வந்தது.

640-ஐ இருபதால் வகுத்தால் 32. சட்டம் முப்பதோடு நிறுத்திவிடும். ஆக முப்பது நாள் சம்பளத்தோடு விடுப்பு அவர் பெயரில் சேர்ந்திருக்க வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது முப்பத்தாறு பேர். மிச்ச ஆறு நாளுக்கு நோய்க்கால உதவித்தொகை இருக்கிறது. அவர் பயந்த அந்த ஆறு வாரம் ஏற்கெனவே சம்பாதித்து வைத்த ஆறு வாரம். பதிவேட்டில் ஏறாததால் இல்லாமல் போயிருந்தது.

இதே மாதிரி வகுத்துப் பார்க்க யாருக்கும் அரை மணி நேரம் போதும். தோட்டத்து ஆட்கள் படிக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த முறையைப் பரப்பினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

தோட்டம் சொன்ன பதில்

மனு தொழிலாளர் துறைக்குப் போனது. விசாரணை என்று கூப்பிட்டால் அதற்கும் ஒரு பேர் போகும் என்ற நியாயமான கவலை அவருக்கு. ஆகவே ஆய்வாளர் தோட்டத்துக்கே வந்து பதிவேடு பார்க்க வேண்டும் என்று மனுவிலேயே கேட்டிருந்தோம். அதிகாரி வந்தார். நன்றாகவே பார்த்தார்.

தோட்டத் தரப்பின் முதல் வாதம், டெம்பரவரிக்கு விடுப்பு இல்லை என்ற பழைய பாட்டு. 30-வது பிரிவைப் படித்துக் காட்டியதும் அது அடங்கியது. இரண்டாவது வாதம் கொஞ்சம் சாமர்த்தியமானது. ஆண்டுதோறும் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறோம், ஆகவே வேலைத்தொடர்ச்சி அறுந்துவிட்டது, பழைய விடுப்பு காலாவதியாகிவிட்டது என்றார்கள். அதே பிரிவில் இதற்கும் பதில் இருக்கிறது: விடுப்பு பாக்கி இருக்கும்போது முதலாளி வேலையிலிருந்து நீக்கினால், அந்த விடுப்புக்கான சம்பளத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். வேலை அறுந்தது என்றால் அப்போதே காசு கொடுத்திருக்க வேண்டும்; அறவில்லை என்றால் விடுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கொடுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது வாதம் நோய்ச் சான்று பற்றியது. தோட்ட மருத்துவர் கையெழுத்து இல்லையாம். தோட்டத்தில் மருத்துவரே கிடையாது. பக்கத்துத் தோட்டங்களுக்கும் சேர்த்து வாரம் ஒருமுறை ஒருவர் வருவார், மற்ற நாட்களில் கம்பவுண்டர்தான். சட்டம் கேட்பது தகுதி பெற்ற மருத்துவரின் சான்று. ரத்தம் ஏற்றியபோது அரசு மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை ஏற்கச் சொல்லி ஆய்வாளரே எடுத்துச் சொன்னார்.

கடைசியில் சமரசம்தான். இரண்டு ஆண்டுக் கணக்காக இருபத்தொரு நாள் விடுப்புச் சம்பளமும், சில நாள் உதவித்தொகையும் வந்தன. மூன்றாம் ஆண்டுக் கணக்கை விட்டுக்கொடுத்தோம். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் முழுத்தொகையும் கிடைத்திருக்கலாம், அதற்குள் அந்தப் பெண் தையல் ஆறாமல் மலை ஏறியிருப்பார். அறுவைக்கு முன்பே பணம் கைக்கு வந்ததுதான் இதில் முக்கியம். தேதி குறித்து, போய்ப் படுத்தார். ஐந்து வாரம் வீட்டில் இருந்தார். ஆறாவது வாரம் வேலைக்குப் போனபோது எடைபோடும் இடத்தில் மூட்டையை மற்றவர்கள் தூக்கிக்கொண்டார்கள். தோட்டம் இலகுவான வேலை கொடுக்கவில்லை. அதைக் கேட்கச் சட்டத்தில் தெளிவான பிடியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அதே லைனில் இன்னொரு அறுவை

தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை லைன் என்பார்கள். அதே லைனில் இருக்கும் அவருடைய கொழுந்தனார் அதே ஆண்டு குடலிறக்க அறுவை செய்துகொண்டார். பக்கத்தில் உள்ள ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை. அங்கே ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு, உண்டு. சம்பளத்தில் முக்கால் சதவீதம் இவரிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுவார். ஓய்வெடுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அவர் யாருக்கும் மனு எழுதவில்லை. மருத்துவர் சொன்ன தேதியில் போய் அறுவை செய்துகொண்டு, சொன்ன தேதியில் வேலைக்குத் திரும்பினார். ஒரே லைன் வீட்டுச் சுவர், இந்தப் பக்கம் பதினோரு மாதம், அந்தப் பக்கம் மூன்று வாரம்.

ஈ.எஸ்.ஐ. மருத்துவம் மலைக்கு எட்டவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய மருத்துவமனை கோவை சிங்காநல்லூரில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இங்கே வேலை செய்தது அந்த மருத்துவமனை இல்லை, அந்த 70 சதவீதம்.

புதுச் சட்டத்தில் இந்தக் கணக்கு

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் சட்டம் அவற்றுக்குள் கரைந்துவிட்டது. இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே இருக்கிறது. ஆனால் விடுப்புக்கு ஆண்டில் 180 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று ஒரு வாசற்படி வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலைக்காரர்களுக்கு இது லாபம். முன்பு அவர்களுக்கு 240 நாள் தேவைப்பட்டது. தோட்டத்துக்காரர்களுக்கு முன்பு வாசற்படியே இல்லை. 150 நாள் வேலை செய்த ஒரு பெண்ணுக்குப் பழைய கணக்கில் ஏழு நாள் வரும், இப்போது ஒன்றும் வராது. 480 நாளைத் தொடவிடாமல் ஆட்களை நிறுத்தப் பழகியவர்கள் 180-க்கும் அதையே செய்வார்கள். இதைப் பற்றி நீலகிரியில் யாரும் பேசிக் கேட்கவில்லை. எல்லோரும் தொகுப்புகள் வேண்டும், வேண்டாம் என்ற பெரிய சண்டையில் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், தோட்ட முதலாளி விரும்பினால் தன் ஆட்களை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வழி திறந்திருக்கிறது. நல்ல வழி. விருப்பம் முதலாளியுடையது என்பதுதான் சிக்கல். முதலாளி மறுத்தால் தொழிலாளர்கள் பெரும்பான்மையாகக் கையெழுத்திட்டு அரசிடம் கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் நாள் கூலியை எவ்வளவு உயர்த்துவது என்பதோடு இதையும் மேசையில் வைக்கலாம். கூலியில் சில ரூபாய் குறைத்துக்கொண்டாவது ஈ.எஸ்.ஐ. வாங்குவது பெண் தொழிலாளர்களுக்கு மேல் என்று நான் நினைக்கிறேன். சங்கத்துக்குள் இதை ஏற்காதவர்கள் நிறைய.

சிறு விவசாயிகளின் தோட்டங்களில் நாள் கூலிக்குப் பறிப்பவர்கள் இந்த எல்லா வாதத்துக்கும் வெளியே நிற்கிறார்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய் விடுப்புச் சம்பளம் கேட்டால், பச்சைத் தேயிலைக்கு விலையே கட்டவில்லை, என் லீவுக்கு யார் கொடுப்பார் என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்து அங்கே பறிக்கும் குடும்பங்களுக்கு ரேஷன் அட்டைகூட ஊரில்தான். ஆனால் அத்தனை சிறு தோட்டத்துக் கொழுந்தும் ஏதோ ஒரு தொழிற்சாலையின் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து. அந்தத் தராசில் கிலோவுக்குச் சில பைசா என்று பிடித்தால், கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு கட்டட மதிப்பில் ஒரு சதவீதம் பிடிப்பதுபோல, பறிப்பவர்களுக்கு ஒரு நோய்க்கால நிதி சேரும். யாரிடம் பறித்தார் என்று தேட வேண்டியதில்லை.

மருத்துவம் வீட்டுக்கே வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து இந்த மலையிலும் நடக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் வருகிறவர் வரும் நேரத்தில் வீட்டுக்காரி மலையில் இருப்பாள். வேலையிடத்துக்கே போகும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் பின்னால் வந்தது. அதைத் தோட்டத்தின் எடைபோடும் இடத்தில், மத்தியான எடை நேரத்தில் வைத்தால் எல்லோரும் இருப்பார்கள். ஹீமோகுளோபின் பார்க்க ஒரு விரல் குத்து போதும். இந்தப் பெண்ணுடைய ரத்தசோகை ஓராண்டு முன்பே அங்கேயே தெரிந்திருக்கும்.

இப்போது நிலவரம்

ஆய்வாளர் பதிவேட்டைக் கேட்டதன் பலனாக, அந்த டிவிஷனில் இருந்த மற்ற டெம்பரவரிகளுக்கும் அந்த ஆண்டு விடுப்புச் சம்பளம் வந்தது. சம்பளச் சீட்டில் 'விடுப்பு இருப்பு' என்று ஒரு கட்டம் புதிதாக முளைத்தது. அடுத்த பருவத்தில் தோட்டம் நேரடி டெம்பரவரிகளைக் குறைத்து, கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுக்க ஆரம்பித்தது. கான்ட்ராக்டரின் சீட்டில் அந்தக் கட்டம் இல்லை. பல பேருக்குச் சீட்டே இல்லை. நேரடியாக எடுத்தாலும் இடைத்தரகர் மூலம் எடுத்தாலும் தொழிலாளிதான் என்று பழைய சட்டத்தின் விளக்கத்திலேயே இருந்தது. அதை வைத்து அடுத்த மனுவைத் தயார் செய்கிறோம். அதில் நான்கு கோரிக்கைகள்: கான்ட்ராக்ட் ஆட்களின் வேலை நாட்களைத் தோட்டத்தின் செக்ரோலிலேயே ஏற்றுவது, சீட்டில் விடுப்பு இருப்பைக் காட்டுவது, 180 நாள் கணக்கில் கான்ட்ராக்டர் மாறினாலும் நாட்களைத் தொடர்ந்து எண்ணுவது, அரசு மருத்துவமனைக்குப் போன நாளுக்குப் புறநோயாளிச் சீட்டைக் காட்டினால் அரைப் பேராவது போடுவது. கடைசிக் கோரிக்கைக்குச் சட்ட ஆதாரம் இல்லை. அதைச் சேர்க்கச் சொன்னவர் அந்தப் பெண்.